அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் அயல்மொழிப் பாடம்: பிள்ளை திணறும்போது பெற்றோர் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஸ்பானிஷ் அல்லது பிரெஞ்சுப் பாடத்தில் தொடர்ந்து குறைந்த மதிப்பெண் வாங்கும்போது, பெற்றோருக்கு முதலில் தோன்றுவது விலக்குக் கேட்கலாம் என்பதே. விலக்குப் பெறுவதற்கு வழி உண்டு. ஆனால் மற்ற வழிகளைப் பார்த்த பின்னரே அதைக் கேட்க வேண்டும். அயல்மொழி நிபந்தனையை விதிப்பவர்கள் இரு தரப்பினர் என்பதே இதற்குக் காரணம். டிப்ளமோ (உயர்நிலைப் பள்ளி நிறைவுச் சான்று) வழங்கும் மாநிலமும் பள்ளி மாவட்டமும் (வட்டாரப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஒரு தரப்பு. சேர்க்கை வழங்கும் கல்லூரி மற்றொரு தரப்பு. பள்ளி கொடுத்த விலக்கு கல்லூரியைக் கட்டுப்படுத்தாது.

எனவே, பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரிடம் பேசும்போது இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்: டிப்ளமோவுக்கு என்ன வேண்டும், பிள்ளை விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளுக்கு என்ன வேண்டும். விடைகள் வெகுவாக வேறுபடக்கூடும். கலிஃபோர்னியாவில் மாநில விதிப்படி ஓராண்டு அயல்மொழிக்குப் பதிலாகக் கலைப் பாடம் ஒன்றை எடுத்தே டிப்ளமோ பெற்றுவிடலாம். ஆனால் அதே மாநிலத்தின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ ஒரே மொழியில் 2 ஆண்டுகள் கட்டாயம் என்றும் 3 ஆண்டுகள் விரும்பத்தக்கது என்றும் சொல்கிறது. டெக்சஸில் 2 கிரெடிட் (பாடத்தை முடித்ததற்குத் தரப்படும் அலகு) தேவை. அவற்றைக் கணினி நிரல்மொழிப் பாடங்களைக் கொண்டும் நிறைவு செய்யலாம். எனினும் கல்லூரிகள் அவற்றை அயல்மொழியாக ஏற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்று பாருங்கள். "படிக்கவே மாட்டேன் என்கிறாள்" என்று சொல்வதற்கு முன், திருத்தி வந்த தேர்வுத்தாள்களை மேசைமேல் பரப்பி வைத்து, மதிப்பெண் போன இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் பகுதியிலா, எழுத்துப் பிழையிலா, வினைச்சொல் விகுதிகளிலா? ஸ்பானிஷில் 'நான் பேசுகிறேன்' என்பதற்குரிய 'ஆப்லோ' (hablo) என்ற சொல்லின் முதலெழுத்து எழுதப்படுமே தவிர ஒலிக்கப்படாது. பேசும் ஆள் மாறும்போது அதன் ஈறும் 'ஆப்லாஸ்', 'ஆப்லா' என மாறும். ஒலிகளைப் பிரித்துணர்வதில் இயல்பாகவே சிரமப்படும் பிள்ளைக்கு இவையெல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைகள், தாம் வளர்ந்த மொழியில் அதை ஒருவாறு சமாளித்து வந்திருந்தாலும், புதுமொழி வகுப்பில் அது வெளிப்பட்டுவிடுவது உண்டு. பிள்ளை கெட்டிக்காரி, மற்றப் பாடங்களிலெல்லாம் நன்றாகவே படிக்கிறாள், இதில் மட்டும் விழுகிறாள் என்றால், சோம்பல் என்று முடிவு கட்டாமல், கற்றல் திறன் மதிப்பீடு செய்யுமாறு பள்ளியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது எங்கும் பதிவாவதில்லை.

மதிப்பீட்டில் குறைபாடு உறுதியானால் ஐஇபி (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டம்) அல்லது 504 திட்டம் (குறைபாடுள்ள பிள்ளைக்கு வழக்கமான வகுப்பிலேயே சலுகை தரும் திட்டம்) வழியாகச் சலுகைகள் கிடைக்கும். இங்கே பெற்றோர் சற்று அழுத்திப் பேச வேண்டும். ஏனெனில் இத்திட்டங்களில் பெரும்பாலும் 'கூடுதல் நேரம்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். அயல்மொழி வகுப்புக்கென்றே தனியாக எழுதச் சொல்லுங்கள்: கேட்டல் தேர்வில் ஒலிப்பதிவை இருமுறையாவது ஒலிக்கச் செய்தல், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதிருத்தல், வினைத்திரிபு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அனுமதித்தல், எல்லார் முன்னிலையிலும் பேச வைக்காமல் ஆசிரியரிடம் தனியே பேசிக்காட்ட விடுதல். இவற்றால் தேறிவிடும் பிள்ளைக்கு விலக்கே தேவைப்படாது.

மொழியை மாற்றுவதும் நல்ல வழிதான், பிள்ளையின் இடறலுக்கு ஏற்ப மாற்றினால். கேட்டலும் பேச்சும் சிரமம் என்றால் லத்தீன் பொருந்தும். அங்கே பாடம் பெரும்பாலும் வாசிப்பும் மொழிபெயர்ப்புமாக நிதானமாக நடக்கும். எழுத்தும் ஒலியும் குழப்பினால் அமெரிக்கச் சைகைமொழியைப் பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் உட்படப் பல கல்லூரிகள் அதை ஏற்கின்றன, எல்லாக் கல்லூரிகளும் அல்ல. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள ஒழுங்கில் பிரெஞ்சைவிட ஸ்பானிஷ் எளிது. பெரும்பாலான கல்லூரிகள் ஒரே மொழியில் 2 ஆண்டுகள் கேட்பதால், மாறுவதென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே மாறிவிடுவது நல்லது. பதினொன்றாம் வகுப்பில் மாறினால் இரண்டாம் ஆண்டை முடிக்கக் கடைசி ஆண்டு மட்டுமே மிஞ்சும்.

நம் வீடுகளில் உள்ள தமிழைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை எண்ணாமல் மொழித்திறனைச் சோதித்துக் கிரெடிட் தரும் முறை பல மாநிலங்களில் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் அப்படித் தேர்வெழுதி 4 கிரெடிட் வரை பெறலாம். நியூ ஜெர்சியும் ஓராண்டுக்குரிய 5 கிரெடிட் வகுப்புக்குப் பதிலாகத் திறனைக் காட்ட அனுமதிக்கிறது. அவாண்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வு தமிழிலும் இருக்கிறது. எழுத்தும் பேச்சும் அதில் சோதிக்கப்படும். வீட்டில் பேசுவதால் மட்டும் எழுத்துத் தேர்வில் தேறிவிட முடியாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்த பிள்ளைக்கு இது எட்டக்கூடியதே. அந்தத் தமிழ்ப் பள்ளியின் படிப்புக்கே கிரெடிட் தருவீர்களா என்றும் உங்கள் பள்ளி மாவட்டத்திடம் கேளுங்கள். சில மாவட்டங்கள் தருகின்றன.

முதல் பருவத்தில் 'டி' வந்துவிட்டதென்று உடனே பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக விதிப்படி, மொழிப் பாடத்தில் அடுத்த நிலையில் 'சி' வாங்கினால் முந்தைய நிலையில் வாங்கிய குறைந்த மதிப்பெண் நிபந்தனைக் கணக்கில் ஈடுகட்டப்பட்டுவிடும். ஆனால் அடிப்படையே நிற்காத பிள்ளையை இரண்டாம் நிலைக்குத் தள்ளுவது தவறு. முதல் நிலையைத் திரும்பப் படிக்க வைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால் விலக்கையோ மாற்றுப் பாடத்தையோ கேளுங்கள். இரண்டும் கிடைக்குமென்றால் மாற்றுப் பாடமே மேல். டிரான்ஸ்கிரிப்டில் (பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய பட்டியலில்) வெற்றிடம் இருக்காது. நியூயார்க்கில் ஐஇபியில் குறிப்பிட்டு விலக்குப் பெறலாம், ஆனால் டிப்ளமோவுக்கான மொத்தம் 22 கிரெடிட்டில் குறைவு இருக்கக் கூடாது. விடுபட்டதை வேறு பாடத்தால் நிரப்ப வேண்டும். விலக்குப் பெறும் பிள்ளை எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருந்தாலும், பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் அவற்றின் சேர்க்கை அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, குறைபாட்டுச் சான்று இருந்தால் அயல்மொழி நிபந்தனையை எப்படிக் கருதுவீர்கள் என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள். கவுன்சிலர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில், எந்தச் சலுகைகளோடு எத்தனை பருவம் முயன்ற பிறகு விலக்குக் கேட்கப்பட்டது என்பது ஓரிரு வரியிலாவது இடம்பெற வேண்டும். பிள்ளைக்கும் உங்களுக்கும் சம்மதமிருந்தால் குறைபாட்டின் பெயரையும் அதில் குறிப்பிடச் சொல்லலாம்.