காய்ச்சலோடு கழுத்து குனிய மறுத்தால்: மூளைக்காய்ச்சலை அடையாளம் காண்பது எப்படி?

மூளையையும், முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தையும் மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. அந்த உறைகளில் அழற்சி வந்தால் மூளைக்காய்ச்சல். பாக்டீரியாவால் வருவது ஒரே நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அப்படிப் பாதிக்கப்படும் ஆறு பேரில் ஒருவர் இறந்துவிடுகிறார். அதனால் "பனடோல் குடுத்தாச்சு, விடியட்டும் பார்ப்போம்" என்பது இந்த நோயிடம் செல்லாது.

முதல் படி: கழுத்து

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறுகிறவர்களுக்குக் கழுத்துவலி பழகிப்போனது. அதனால்தான் இந்த அறிகுறி இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் எளிதாகத் தப்பிவிடும். சாதாரணப் பிடிப்பு என்றால் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பும்போது வலிக்கும். மூளைக்காய்ச்சலில் முன்னால் குனிவதுதான் கஷ்டம். தாடையை நெஞ்சில் தொடவைக்க முடியாது. காய்ச்சல்காரரை மெதுவாகக் குனியச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் பிடித்து அழுத்த வேண்டாம். நன்றாகக் குனிகிறது என்பதற்காக நோய் இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள்.

இரண்டாம் படி: மற்ற அறிகுறிகள்

கடும் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு. உளறத் தொடங்கினால் ஜன்னி என்றோ காத்துக் கருப்பு என்றோ சொல்லி நூல் கட்ட அழைத்துப்போகிறார்கள். நூல் கட்டுவதை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். உடம்பு கொதிக்கும்போது கை கால் மட்டும் சில்லிட்டிருந்தால் அதைப் பனிக்குளிர் என்று தள்ளிவிடாதீர்கள். தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடிக் கிளாஸை அழுத்திப் பாருங்கள், மறையாவிட்டால் அவசரம். கருத்த தோலில் புள்ளி எளிதில் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள்.

எல்லா அறிகுறியும் சேர்ந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இந்த நோய் வரலாம். பால் குடிக்க மறுப்பது, துவண்டுபோவது, தூக்கினால் இன்னும் வீறிட்டு அழுவது, உச்சிக்குழி புடைத்திருப்பது, இவைதான் அடையாளம். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: புறப்படுவது

1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டப் பாதை மோசம் என்றால் காத்திருக்காமல், கிடைத்த ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு இறங்கிவிடுங்கள். ஒரு நாள் பேர் (கூலி) போகும் என்று தயங்காதீர்கள்.

நான்காம் படி: முதுகில் தண்ணீர் எடுப்பது

நோயை உறுதிசெய்ய ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். பலர் கையெழுத்துப் போட மறுப்பது இங்கேதான். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்ற பயம் லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறது. வளர்ந்தவருக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, வெறும் நீரும் நரம்பிழைகளும் இருக்கும் இடத்தில். பிறகு கொஞ்ச நாள் தலைவலி வரலாம். கால் முடங்குவது மிக மிக அரிது.

அந்த நீர் இயல்பில் பளிங்குபோல் இருக்கும். கலங்கி, வெள்ளையணுக்கள் பெருகி, சர்க்கரை குறைந்திருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார்கள். வெள்ளையணுக்கள் பெருகியும் சர்க்கரை சரியாக இருந்தால் பெரும்பாலும் வைரஸ். நோயாளியின் நிலை மோசம் என்றால் இந்தச் சோதனைக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்குவார்கள், அது சரியான முறைதான்.

ஐந்தாம் படி: எங்கிருந்து வந்தது?

வைரஸால் வருவது பெரும்பாலும் தானே ஆறும். பாக்டீரியா பல நேரம் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருந்து இரத்தத்தில் இறங்கும். சீழ் வடியும் காதிலிருந்தும் பரவும், ஆகவே காதுச் சீழை விட்டுவைக்காதீர்கள். காசநோயால் வருவது வேறு மாதிரி, வாரக்கணக்கில் லேசான காய்ச்சலும் தலைவலியுமாக இழுக்கும். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் என்ற பாக்டீரியாவைத் தடுக்கிறது. ஒன்று விடுபட்டிருந்தாலும் மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள்.

மெனிங்கோகாக்கஸ் கிருமி என்று உறுதியானால் கூட இருந்தவர்களும் தடுப்பு மருந்து சாப்பிட வேண்டும். ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீடு என்றால் வெட்கப்படாமல் எல்லாருடைய பெயரையும் வார்டில் சொல்லிவிடுங்கள்.