ஒரே கேமுக்கு இரண்டு பூட்டு: பிசி கேம் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

3,000 ரூபாய் கேம் ஒன்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்றால், வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 900 ரூபாய் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்குப் போகும். எபிக் கடை தொடங்கியபோது வைத்த 12 சதவீதக் கணக்குப்படி அதன் பங்கு 360. வெளியிட்ட நிறுவனமே சொந்தக் கடை போட்டு விற்றால் பங்கு கேட்க ஆளே இல்லை. சண்டைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. 2011 ஜூனில் இஏ நிறுவனம் ஒரிஜின் கடையைத் திறந்தது. அதே மாதம் இஏவின் கிரைசிஸ் 2 கேம் ஸ்டீமிலிருந்து காணாமல் போனது. பிறகு ஆக்டிவிஷன், பெதெஸ்டா, யூபிசாஃப்ட் என்று ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போனார்கள். 2018 இறுதியில் எபிக் கடை 12 சதவீதப் பங்கோடு களமிறங்கிய சமயத்தில் வால்வும் கொஞ்சம் இறங்கி வந்தது: ஒரு கேமின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் வரும் தொகையில் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம்.

போனவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். இஏ 2019 நவம்பரில், ஆக்டிவிஷனின் கால் ஆஃப் டூட்டி 2022 அக்டோபரில், யூபிசாஃப்ட் 2022 டிசம்பரில். திரும்பியவர்கள் தங்கள் லாஞ்சரையும் (கேமைத் திறந்துவிடும் மென்பொருள்) அக்கவுண்டையும் கையோடு கொண்டுவந்ததுதான் சிக்கல். இன்று ஸ்டீமில் ஒரு யூபிசாஃப்ட் கேம் வாங்கினால் முதலில் ஸ்டீம் திறக்க வேண்டும், அது யூபிசாஃப்ட் கனெக்டைத் திறக்க வேண்டும், அதற்குப் பிறகே கேம். இரண்டு பூட்டில் எது மக்கர் செய்தாலும் விளையாட முடியாது. அதனால் வாங்குமுன் பார்க்க வேண்டியது, கேமுக்கு எத்தனை பூட்டு, சாவி யார் கையில் என்பதைத்தான். விலை அதற்கு அடுத்தது.

பணம் கட்டுமுன்

ஸ்டீம் கடைப் பக்கத்தின் வலது ஓரத்தில், கேமின் வசதிகளைப் பட்டியலிடும் பகுதியை ஒட்டி, மஞ்சள் நிறத்தில் சிறு பெட்டிகள் இருக்கும். பலர் கவனிப்பதே இல்லை. தனி அக்கவுண்ட் தேவையா, டெனுவோ போன்ற வெளிப் பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். டெனுவோ இருந்தால் 'ஒரு நாளில் 5 கணினிகள்' என்பது போன்ற வரம்பையும் காணலாம். 'எனக்கு இருப்பது ஒரே கணினி' என்று கடந்துவிட வேண்டாம். ஸ்டீம் டெக்கிலோ லினக்ஸிலோ கேம் சரியாக ஓடவில்லை என்று, விண்டோஸ் கேம்களை அங்கே ஓட்ட உதவும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால், ஒவ்வொரு மாற்றமும் புதுக் கணினியாக எண்ணப்படலாம். ஐந்தாவது முயற்சிக்குப் பிறகு கேம் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். புரோட்டானை மாற்றுவதாக இருந்தால் ஒரு நாளில் ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து விளையாடுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த, ஒரே நாட்டுக் கணக்கு வைத்திருக்கும் 6 பேர் வரை கேம்களைப் பகிரலாம். ஆனால் வெளியீட்டு நிறுவனத்தின் தனி அக்கவுண்ட் கேட்கும் கேம்கள் பொதுவாக இந்தப் பகிர்வில் வராது. சகோதரருக்கும் சேர்த்து வாங்குவதாக நினைத்து இஏ கேமுக்குப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான்.

கடைப் பக்கம் சொல்லாததை பிசிகேமிங்விக்கி என்ற தளம் சொல்லும். அதில் கேமின் பெயரைத் தேடி, எங்கெங்கே கிடைக்கிறது என்ற அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு கடைப் பிரதிக்கும் என்ன பூட்டு என்று வரிவரியாக இருக்கும். ஸ்டீமில் லாஞ்சரோடு வரும் கேம், ஜிஓஜி கடையில் பூட்டே இல்லாமல் கிடைப்பது அபூர்வமல்ல. விலை ஒன்றாக இருந்தால் ஜிஓஜிதான் நம் தேர்வு; நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுவது முக்கியம் என்றால் மட்டும் ஸ்டீம்.

எபிக்கில் மட்டும் என்றால்

பெரும்பாலும் காத்திருக்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒரே மாதத்தில் ஸ்டீமுக்கு வந்தது. பார்டர்லேண்ட்ஸ் 3 ஆறு மாதத்தில், மெட்ரோ எக்ஸோடஸ், ஹேடிஸ், கண்ட்ரோல் மூன்றும் ஓராண்டில் வந்தன. ஓராண்டு ஒப்பந்தம் என்பதே அன்று வழக்கமாக இருந்தது. வரும்போது துணைப் பகுதிகளும் (டிஎல்சி) தள்ளுபடியும் சேர்ந்தே வருவதால் காத்திருப்பவருக்கு லாபமே. கிங்டம் ஹார்ட்ஸ் தொகுப்புகள் விதிவிலக்கு. 2021இல் எபிக்குக்கு வந்தவை ஸ்டீமைத் தொட 2024 ஆனது.

பணம் போட்டது யார் என்று பாருங்கள். ஆலன் வேக் 2 போல எபிக்கே முதலீடு செய்து வெளியிட்ட கேம் போட்டிக் கடைக்கு வருமென்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. வேண்டுமென்றால் அங்கேயே தள்ளுபடியில் வாங்கிவிடுங்கள்.

விலையும் கீயும்

ஸ்டீம் கீகளை (கேமை உங்கள் ஸ்டீம் கணக்கில் சேர்க்கும் குறியீடுகள்) வெளியீட்டு நிறுவனங்கள் வால்விடமிருந்து இலவசமாகவே பெற்று வெளியே விற்கலாம். அந்த விற்பனையில் வால்வுக்குப் பங்கு கிடையாது. நிபந்தனை ஒன்று உண்டு: வெளியே தரும் சலுகையை ஸ்டீம் வாடிக்கையாளருக்கும் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும். அதனால்தான் கடைகளுக்கிடையே அடிப்படை விலை பெரிதாக மாறுவதில்லை. இந்த விலைக் கொள்கை சந்தையை முடக்குகிறது என்று வுல்ஃபயர் என்ற கேம் நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் வழக்கே போட்டது. நமக்குக் கிடைக்கும் உண்மையான மிச்சம் ஹம்பிள், ஃபனாடிகல், கிரீன்மேன் கேமிங் போன்ற அங்கீகாரம் பெற்ற கடைகளின் கூடுதல் தள்ளுபடிதான். இஸ்தேர்எனிடீல் தளத்தில் இதுவரையிலான குறைந்த விலையைப் பார்த்துவிட்டு, நாட்டை இந்தியா என்று வைத்து ஒப்பிடுங்கள். கீ வாங்கும்போது அது உங்கள் நாட்டில் செயல்படுமா என்ற வரியைப் படிப்பது கட்டாயம்.

யாரோ விற்கும் மலிவு கீ சந்தைகள் வேறு ரகம். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் ஃபார் க்ரை 4 உள்ளிட்ட கேம்களின் ஒரு தொகுதிக் கீகளைச் செல்லாதவையாக்கியது. திருட்டு கார்டு விவரங்களை வைத்துப் போட்டியாளரான இஏவின் ஒரிஜின் கடையில் வாங்கி, வெளியே மலிவாக விற்கப்பட்டவை அவை. இப்படிப் பறிபோகும் கீக்கு ஸ்டீமோ யூபிசாஃப்டோ பணம் தராது. வெளியே வாங்கிய எந்தக் கீக்கும் ஸ்டீமின் ரீஃபண்ட் விதி பொருந்தாது.

ஸ்டீம் விலை இந்தியாவில் ரூபாயில் வரும், இலங்கையில் தெற்காசியாவுக்கான டாலர் விலையில் வரும். விபிஎன் போட்டு நாட்டை மாற்றி வாங்கினால் அக்கவுண்டே முடங்கலாம். உண்மையிலேயே நாடு மாறியவர்கள் அங்குள்ள கார்டால் ஒரு பொருள் வாங்கித்தான் மாற்ற முடியும், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைத்தாலும், இரு நாட்டு விலை வித்தியாசம் அதிகமென்றால் ஸ்டீம் அனுமதிக்காது.

அக்கவுண்டை இணைக்கும் வரிசை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கேமை முதல் தடவை திறந்ததும் ஒரு பெட்டி தோன்றும். அவசரத்தில் கையில் இருக்கும் மின்னஞ்சலைக் கொடுத்துப் புது அக்கவுண்ட் உருவாக்கிவிடுவார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் வேறு மின்னஞ்சலில் திறந்த பழைய அக்கவுண்டில் கேம்களெல்லாம் கிடக்க, ஸ்டீம் போய் இந்தக் காலி அக்கவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். யூபிசாஃப்ட் கேம் முதலில் எந்த அக்கவுண்டில் செயல்படுத்தப்பட்டதோ அங்கேயே தங்கிவிடும். பிரிக்க வேண்டுமென்றால் உதவிப் பிரிவுக்கு டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். தவிர்க்க, இதே வரிசையில் செய்யுங்கள்:

1. கேமை நிறுவுமுன், வெளியீட்டு நிறுவனத்தின் தளத்துக்கு பிரவுசரில் போங்கள். உங்களிடமுள்ள ஒவ்வொரு மின்னஞ்சலையும் கொடுத்து 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' அழுத்திப் பாருங்கள். எந்த மின்னஞ்சலுக்குக் கடிதம் வருகிறதோ அதில் பழைய அக்கவுண்ட் இருக்கிறது.
2. ஒன்றை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சலை உறுதிசெய்யுங்கள். நாடும் பிறந்த தேதியும் சரியா என்று பாருங்கள். டிக்கெட் போட நேர்ந்தால் அவற்றைத்தான் கேட்பார்கள். கல்லூரி, அலுவலக மின்னஞ்சல் வேண்டாம்.
3. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். கைபேசி தொலைந்தால் இவைதான் வழி.
4. அதே தளத்தில் 'இணைக்கப்பட்ட கணக்குகள்' பகுதிக்குப் போய் ஸ்டீமையோ எபிக்கையோ இணையுங்கள். பிரவுசரில் சரியான ஸ்டீம் கணக்குதான் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.
5. லாஞ்சரையும் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி, உள்நுழைந்து, அப்டேட் முடியவிட்டு, பிறகு ஸ்டீமில் கேமைத் திறங்கள்.

சில அக்கவுண்ட்கள் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 ஆட பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அக்கவுண்ட் கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவையே இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கேம் ஸ்டீம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்ப்பு வெடித்ததும் சோனி கட்டாயத்தைக் கைவிட்டது. இந்தியாவில் அந்தச் சேவை உண்டு, இலங்கையில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வாங்குபவர் பிளேஸ்டேஷன் கேம்களின் அந்த மஞ்சள் பெட்டியை இருமுறை படிப்பது நல்லது.

பணம் திரும்பப் பெற

ஸ்டீமிலும் எபிக்கிலும் விதி ஒன்றுதான்: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள். ஜிஓஜியில் 30 நாள், விளையாடியிருந்தாலும். இஏ தன் கடையில் விற்கும் தன் கேம்களுக்கு, முதலில் திறந்ததிலிருந்து 24 மணி நேரம் தருகிறது. திறக்கவே இல்லையென்றால் 14 நாள்.

இரண்டாம் பூட்டு ஸ்டீமின் 2 மணி நேரத்தைத் தின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. வெளியீட்டு நிறுவனத்தின் லாஞ்சர் திறந்திருக்கும் நேரத்தையும் ஸ்டீம் விளையாட்டு நேரமாகவே எண்ணும். லாஞ்சருக்குள் 40 ஜிபி டவுன்லோட் ஓடினால் அதுவும் கணக்கில் சேரும். கேமை மூடிய பிறகு லாஞ்சர் கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகானாகப் பதுங்கியிருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கலாம். மேலே ஐந்தாம் படியில் லாஞ்சரைத் தனியே நிறுவச் சொன்னது இதற்காகவும்தான். விளையாடி முடித்ததும் ஸ்டீமில் கேம் ஓடுவதைக் காட்டும் பச்சை எழுத்து அணைந்துவிட்டதா என்று பாருங்கள். துணைப் பகுதிகளை அடிப்படை கேம் வாங்கிய கடையிலேயே வாங்குங்கள். எபிக்கில் வாங்கிய துணைப் பகுதி ஸ்டீம் பிரதியோடு பெரும்பாலும் சேராது.

வாங்கியதைக் காக்க

ஜிஓஜியில் வாங்கினால், அதன் கேலக்ஸி மென்பொருளை நம்பி விட்டுவிடாமல், உங்கள் நூலகப் பக்கத்தில் 'ஆஃப்லைன் பேக்கப்' என்றிருக்கும் இன்ஸ்டாலர்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். பெரிய கேம் பல துண்டுகளாக வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒரு துண்டு குறைந்தாலும் நிறுவல் பாதியில் நிற்கும். இணையத்தைத் துண்டித்து ஒருமுறை நிறுவிப் பார்த்தால்தான் அது பேக்கப். இவை தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பெரிய அப்டேட் வந்தால் மறுபடி இறக்க வேண்டும். ஸ்டீமின் பேக்கப் இப்படியல்ல, டவுன்லோட் நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவே. மீட்க அக்கவுண்ட் வேண்டும்.

விளையாட்டில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகளை லுடுசாவி என்ற இலவச மென்பொருள் தேடி எடுத்துப் பிரதி வைக்கும். யூபிசாஃப்ட் கேம்களில் கொஞ்சம் கைவேலை உண்டு. அவற்றின் சேவ்கள் பெரும்பாலும் லாஞ்சர் நிறுவிய ஃபோல்டருக்குள் 'சேவ்கேம்ஸ்' என்பதில், உங்கள் கணக்கின் நீண்ட அடையாளத்துக்குக் கீழே, கேமின் எண்ணில் இருக்கும். ஒரே கேமாக இருந்தாலும் ஸ்டீம் பிரதிக்கும் யூபிசாஃப்ட் பிரதிக்கும் எண் வேறாக இருக்கலாம். கடை மாறும்போது பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குக் கோப்புகளை நகலெடுங்கள். அதற்குமுன் கிளவுட் சேமிப்பை அணைக்காவிட்டால், கிளவுடில் இருக்கும் காலி சேவ் இறங்கி வந்து நகலெடுத்ததை அழித்துவிடும்.

கடை மூடும்போது

பெதெஸ்டா 2022இல் தன் லாஞ்சரை மூடியபோது கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. ஆனால் சில கேம்களின் சேவ்களைக் கையால் நகலெடுக்க வேண்டியிருந்தது. ஒரிஜினும் 2025 ஏப்ரலோடு முடிந்து இஏ ஆப் அதன் இடத்துக்கு வந்தது. மூடல் அறிவிப்பு வந்தால் முதலில் சேவ்களைப் பிரதி எடுங்கள், அடுத்து மாற்றும் படிவத்தை முடியுங்கள், புது இடத்தில் ஒவ்வொரு கேமும் துணைப் பகுதியும் வந்துவிட்டனவா என்று சரிபாருங்கள். அதற்குப் பிறகே பழைய லாஞ்சரை நீக்கலாம். பழைய கணினியில் விளையாடுபவர்கள் இயங்குதளத்தையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 பதிப்புகளுக்கு ஸ்டீமின் ஆதரவு இல்லை.

தி க்ரூ என்ற கார் பந்தய கேமுக்கு இதெல்லாம் உதவியிருக்காது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க்கில் வாங்கியவர்களாலும் திறக்க முடியவில்லை, தனியாளாக ஆடும் பகுதியைக்கூட. எந்தக் கடையில் வாங்கினாலும் 'எப்போதும் இணைய இணைப்பு தேவை' என்ற வரி இருக்கும் கேமை முழு விலைக்கு வாங்காமல், தள்ளுபடிக்கு விட்டுவையுங்கள்.