கெர்னல் மாற்றி பேட்டரியைக் காப்பாற்றிய கதை

பழைய போன் வேகமாகட்டும் என்று ஓவர்கிளாக் செய்த, அதாவது ப்ராசஸரை இயல்பு வேகத்தைத் தாண்டி ஓட்டும், கஸ்டம் கெர்னல் ஒன்றைப் போட்டேன். கெர்னல் என்றால் போனின் வன்பொருளை இயக்கும் ஆண்ட்ராய்டின் மையப் பகுதி. வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் எண் ஏறியது. மதியத்துக்குள் பேட்டரி காலி, போன் தோசைக்கல் மாதிரி சூடு. வோல்டேஜைக் கூட்டித்தான் அந்த வேகத்தைத் தாங்க வைத்திருந்தார்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அப்புறம் சூடாகாமல் என்ன செய்யும்?

நல்லவேளை, பழைய கெர்னல் இருக்கும் பூட் இமேஜை எடுத்து வைத்திருந்தேன். கணினி வழியாகப் போனில் எழுத உதவும் ஃபாஸ்ட்பூட்டில் அதைத் திரும்பப் போட்டேன். அடுத்து எடுத்த கெர்னல் என் ரோமின் (போனில் போட்டிருக்கும் ஆண்ட்ராய்டு தொகுப்பின்) பதிப்புக்குப் பொருந்தவில்லை, வைஃபை செத்தது. சரி, மறுபடி பழையது.

மூன்றாவதுதான் நிலைத்தது: ஓவர்கிளாக் இல்லை, ப்ராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னராக ‘ஷெட்யூட்டில்’ (schedutil). இந்தக் கவர்னர் 2016இல் லினக்ஸ் 4.7இல் வந்தது. எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் சொல்லும் வேலைப் பளுவைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கும். இப்போது இரவு வரை சார்ஜர் தேவைப்படுவதில்லை.