நகை பில்லில் சேதாரம்: நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

நகை வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே கிராம் விலையைப் பார்த்துவிடுகிறார்கள். அதில் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்காது. பில்லை ஏற்றுவது சேதாரம்.

தங்கத்தை உருக்கும்போதும் அராவும்போதும் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுக்கு வாங்குபவர் கொடுக்கும் விலைதான் சேதாரம். ஆசாரியின் உழைப்புக்குரிய செய்கூலி வேறு. இப்போது பல கடைகள் இரண்டையும் சேர்த்து ‘வி.ஏ.’ (வேல்யூ அடிஷன், அதாவது மதிப்புக் கூட்டல்) என்று ஒரே வரியில் போட்டுவிடுகின்றன. பட்டறையில் உதிரும் பொடியைக் கூட்டியெடுத்து மறுபடி உருக்குகிறார்கள் என்பதால், சேதாரம் முழுவதும் சேதமானது அல்ல. பேரத்துக்கு இடம் இருப்பது அங்கேதான்.

முதலில் நிகர எடையைக் கேளுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள தங்கத்துக்கு மட்டுமே சேதாரம் போட வேண்டும். கல்லையும் தங்க விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து, சதவீதத்தைக் கிராமாக்குங்கள். ஒரு பவுன் என்பது 8 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம், ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்தின் விலை! கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்றும், செய்கூலி தனியாக இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். தங்கம் 80,000, சேதாரம் 9,600, ஆக 89,600. இதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. மொத்தம் 92,288 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் தனி, அது சிறு தொகை.

இனி பேரம்.

“அண்ணே, சேதாரம் எவ்வளவு?”

“பதினான்கு வருகிறது அக்கா. உங்களுக்காகப் பன்னிரண்டு போடுகிறேன்.”

இதைக் கேட்டவுடன் தலையாட்டாதீர்கள். “ரூபாயில் எவ்வளவு குறைகிறது?” என்று கேளுங்கள். மேலே சொன்ன விலையில் ஒரு பவுனுக்கு ஒரு சதவீதம் குறைந்தால் 800 ரூபாய், வரியோடு 824. நுணுக்க வேலைப்பாடுள்ள கோயில் நகைக்குச் சேதாரம் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் உண்டு. இயந்திரத்தில் செய்த சாதாரணச் சங்கிலிக்கும் அதே அளவு கேட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ‘சேதாரம் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அந்தக் கடையின் கிராம் விலையையும் செய்கூலியையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பணம் கட்டும் முன் நகையில் 22 காரட் தங்கத்துக்கான 916 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்தக் குறியீட்டைத் தட்டினால் நகையின் விவரம் வரும்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் அதே நகையை விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் விலை போடுவார்கள். கொடுத்த சேதாரம் திரும்பி வராது. மகளுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்கள் வேலைப்பாடு குறைந்த நகையாகப் பார்த்து வாங்கலாம்.