புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான்: எண்ணுவது எப்படி?

ஓர் அணுவுக்குள் எந்தத் துகள் எத்தனை இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். தனிம வரிசை அட்டவணை ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: புரோட்டான்

தனிமத்தின் கட்டத்தில் இருக்கும் முழு எண்தான் அணு எண். புரோட்டான்களின் எண்ணிக்கையும் அதுவே. சோடியம் 11, இரும்பு 26. இதற்கு விதிவிலக்கே கிடையாது. சோடியத்தின் அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடினால் அது மெக்னீசியம் ஆகிவிடும். இந்த எண் வெறும் வரிசை எண் இல்லை, அணுக்கருவின் மின்சுமையைச் சொல்கிறது என்று 1913-இல் எக்ஸ் கதிர்களை வைத்துக் காட்டியவர் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லி.

படி 2: நியூட்ரான்

நிறை எண்ணிலிருந்து (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) அணு எண்ணைக் கழியுங்கள். எலக்ட்ரான் புரோட்டானைவிட ஏறக்குறைய 1836 மடங்கு லேசானது. அதனால் நிறை எண்ணில் புரோட்டானும் நியூட்ரானும் மட்டுமே சேரும். குளோரின்-37 என்றால் 37 − 17 = 20 நியூட்ரான்கள். குறியீட்டின் இடப்பக்கம் மேலே இருப்பது நிறை எண், கீழே இருப்பது அணு எண்.

சரி, அட்டவணையில் இருக்கும் தசம எண்ணை நிறை எண்ணாக எடுத்துக்கொள்ளலாமா? பலரும் சறுக்குவது இங்கேதான். அது அணு நிறை. அந்தத் தனிமத்தின் ஐசோடோப்புகளுடைய, அதாவது நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறுபடும் அணு வகைகளுடைய, சராசரி.

புரோமினைப் பாருங்கள். அணு எண் 35, அணு நிறை 79.90. அதை 80 என்று முழுமையாக்கிக் கழித்தால் 45 நியூட்ரான் வரும். ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமின் அணுக்களில் கிட்டத்தட்ட பாதி புரோமின்-79, மீதி புரோமின்-81. அதாவது 44 அல்லது 46 நியூட்ரான்கள். 45 உள்ள அணு இயற்கையில் கிடைப்பதில்லை! கேள்வியில் ஐசோடோப்பைச் சொல்லாமல் அணு நிறையை மட்டும் கொடுத்திருந்தால், முழுமையாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் நிறை எண் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

விடை 0 வந்தாலும் பயப்பட வேண்டாம். சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது.

படி 3: எலக்ட்ரான்

மின்சுமை இல்லாத அணுவில் புரோட்டான் எத்தனையோ, எலக்ட்ரானும் அத்தனை.

அயனி, அதாவது மின்சுமை உள்ள அணு என்றால், குறியீட்டின் வலப்பக்கம் மேலே உள்ள குறியைக் கவனியுங்கள். எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை என்பதால், கூட்டல் குறி இருந்தால் கழிக்க வேண்டும், கழித்தல் குறி இருந்தால் கூட்ட வேண்டும். முதலில் இது தலைகீழாகத் தோன்றும். எலக்ட்ரானை இழந்ததால்தான் நேர்மின்சுமை வந்தது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. 3+ மின்சுமை உள்ள அலுமினியம் அயனியில் 13 − 3 = 10 எலக்ட்ரான்கள்.

அப்புறம், நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். கந்தகம்-34, அணு எண் 16, மின்சுமை 2−. புரோட்டான் 16, நியூட்ரான் 18, எலக்ட்ரான் 18 என்று வந்திருக்க வேண்டும். எலக்ட்ரான் 14 என்று வந்திருந்தால் படி 3-ஐ இன்னொரு முறை படியுங்கள்.