பழைய ராணுவ லாரியில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதா?

தேவகோட்டையில் என் மாமா ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி ஒன்று நிற்கிறது. மழை தூறினாலே ஃபியூஸ் போய்விடும். மாமாவும் சளைக்காமல் டப்பா டப்பாவாக ஃபியூஸ் வாங்கினார். அந்தச் செலவே வேண்டாம்.

ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு மாட்டுங்கள். 24 வோல்ட் பல்பாகப் பார்த்து வாங்குங்கள். இந்த லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 24 வோல்ட் தரும்படி இருக்கும், 12 வோல்ட் கார் பல்பு தாங்காது. ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும். மங்கலாக எரிந்தால் அது ஏதோ ஒரு லைட் இழுக்கும் கரண்ட்தான். அப்புறம் அந்த ஃபியூஸிலிருந்து போகும் லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பளீர் வெளிச்சம் போகிறதோ, கோளாறு அதில்தான். எங்களுக்கு டெயில் லைட் ஒயர். சேஸிஸ் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உதிர்ந்து, செம்புக் கம்பி இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு ஒயரை மாற்றினோம்.

லைட் மங்கினால் முதலில் எர்த் போல்ட்டை, அதாவது எர்த் ஒயரை லாரியின் இரும்போடு இணைக்கும் போல்ட்டைச் சுரண்டுங்கள். நம்மூர் செம்மண் புழுதியும் துருவும் சேர்ந்தால் கெட்டியாக அப்பிக்கொள்ளும்.

ஹெட்லைட்டே எரியவில்லை என்றால் ஒயரை நோண்டும் முன் சுவிட்சைப் பாருங்கள். எதிரி கண்ணில் படாமல் ஹெட்லைட்டை எரியவிடாத போர்க்கால இருட்டடிப்பு நிலையில் அது இருக்கலாம். மாமா அதிலேயே அரை நாளைத் தொலைத்தார்.