விண்டோஸ் 11-இல் ஏரோ கண்ணாடி: எங்கே இடறும், இடறினால் எப்படி மீள்வது

விஸ்டா 2007-இல் கொண்டுவந்து, விண்டோஸ் 7 மெருகேற்றி, 2012-இல் விண்டோஸ் 8 கழற்றிப்போட்ட, ஏரோ என்ற அந்தக் கண்ணாடித் தலைப்புப் பட்டையை (விண்டோவின் மேல் ஓரத்துப் பட்டை) விண்டோஸ் 11-இல் திரும்பப் பெறும் வழி இது. விண்டோஸ் 10-இல் 2004 என்ற எண்ணுள்ள பதிப்போ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

"டிரான்ஸ்பேரன்சியை ஆன் செய்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. விண்டோஸ் 11 தரும் மைகா என்ற எஃபெக்ட், வால்பேப்பரின் நிறத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் திறந்திருக்கும் இன்னொரு விண்டோ அதில் தெரியவே தெரியாது. ஏரோவில் பின்னால் இருப்பது எதுவானாலும் மங்கலாகத் தெரியும். அதைச் செய்ய, திரையை வரைந்து தரும் டிடபிள்யூஎம் என்ற புரோகிராமுக்குள்ளேயே கை வைக்க வேண்டும். இந்த வேலையின் சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

தொடங்கும் முன்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் இன்றைக்குக் கண்ணாடி கிடையாது. முதலில் கிராஃபிக்ஸ் டிரைவர் போடுங்கள். கோவையிலிருந்து பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வந்து சேரும் செகண்ட்ஸ் லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, டிரைவரை விட்டுவிட்டு விற்றிருப்பார்கள்.

அடுத்து செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், கலர்ஸ் போய் டிரான்ஸ்பேரன்சி எஃபெக்ட்ஸை ஆன் செய்யுங்கள். பேட்டரி சேவர் ஓடினால் விண்டோஸ் தானே இதை அணைத்துவிடும். கரண்ட் போனதும் கண்ணாடியும் போகிறதென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான், வேறு பழுது தேடும் முன் அதைப் பாருங்கள்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள்: பிட்லாக்கர் ரெகவரி கீ. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர்) தானாகவே ஆன் ஆகியிருக்கும். நாளைக்குத் திரை கறுத்துப்போய் சேஃப் மோடில் (அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் முறை) நுழைய வேண்டி வந்தால், அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் அது இருக்கும். இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்துப் பயனில்லை. கையோடு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரிஸ்டோர் பாயிண்டும் போட்டுவிடுங்கள்.

எந்தக் கருவி

டிடபிள்யூஎம் ப்ளர் கிளாஸ் (DWMBlurGlass). புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் மேபிள்ஸ்பே என்பவரின் பக்கத்தில், ரிலீசஸ் பகுதியில் இலவசமாகக் கிடைக்கும். வேறு எந்தத் தளத்திலிருந்தும் எடுக்காதீர்கள். டிடபிள்யூஎம்முக்குள் நுழையும் ஒரு ஃபைலை முகம் தெரியாத டவுன்லோட் தளத்திலிருந்து எடுப்பது வேண்டாத வேலை. ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன கிளாஸ் 8 விண்டோஸ் 8-க்கும் 10-க்கும் எழுதப்பட்டது, 11-இல் அதை முயல வேண்டாம்.

டவுன்லோட் செய்யும் முன் விண்டோஸ் + ஆர் அழுத்தி, வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ரிலீஸ் குறிப்பில் அந்தப் பதிப்புக்கு ஆதரவு உண்டா என்று ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.

ஃபோல்டர்: பாதிப்பேர் விழும் இடம்

ஜிப் ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் அடியில் அன்பிளாக் என்று ஒரு கட்டம் இருந்தால் டிக் அடியுங்கள். அதற்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும்.

பிரித்ததை டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ வைக்காதீர்கள். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தனி ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். டிடபிள்யூஎம் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள், யூசர் நேம் இடத்தில் டிடபிள்யூஎம்-1 என்று தனி ஆள் இருப்பார். உங்கள் டெஸ்க்டாப் உங்களுக்கும் அட்மினுக்கும் சிஸ்டத்துக்கும் மட்டும் திறக்கும் அறை, அந்த ஆளுக்கு அங்கே அனுமதி கிடையாது. அதனால் "இன்ஸ்டால்" அழுத்தினால் எல்லாம் சரியாக நடந்ததுபோல் இருக்கும், திரையில் ஒரு மாற்றமும் வராது. எரர் மெசேஜும் வராததால் டிரைவரைச் சந்தேகிப்பார்கள், விண்டோஸைச் சந்தேகிப்பார்கள், ஃபோல்டரை மட்டும் சந்தேகிக்க மாட்டார்கள். புரோகிராம் ஃபைல்ஸை எல்லா யூசரும் படிக்கலாம், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

வைத்த பின் ஃபோல்டரை இடம் மாற்றவோ பெயர் மாற்றவோ கூடாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் அன்இன்ஸ்டால்.

ஆண்டிவைரஸ் ஒரு ஃபைலைத் தூக்கிவிட்டால், அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷனில் சேருங்கள். முழு ஆண்டிவைரஸையும் அணைத்துவிட்டு வேலை பார்ப்பது தேவையில்லாத துணிச்சல்.

சிம்பல்ஸ்

புரோகிராமை அட்மினாகத் திறந்து, மெனுவில் இன்ஸ்டால் அழுத்துங்கள். சிம்பல்ஸ் இல்லை அல்லது பொருந்தவில்லை என்று சொன்னால், சிம்பல்ஸ் பக்கம் போய் டவுன்லோட் அழுத்துங்கள்.

டிடபிள்யூஎம்முக்குள் எந்த வேலை எந்த முகவரியில் நடக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் வெளியிடும் அட்டவணைதான் இந்தச் சிம்பல்ஸ். விண்டோஸின் ஒவ்வொரு பில்டுக்கும் (உள்பதிப்புக்கும்) அது வேறு. உங்கள் நண்பர் கணினியிலிருந்து காப்பி அடித்து வந்தால் பொருந்தாது. மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து நேரடியாக இறங்க வேண்டும், அதனால் நெட் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். கோவிந்தாபுரம், வேலந்தாவளம் போன்ற எல்லை ஊர்களில் ஃபோன் ஹாட்ஸ்பாட் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் தாவிக்கொண்டே இருக்கும், பாதியில் நின்றால் மறுபடி டவுன்லோட் அழுத்துங்கள். கேபிள் இணைப்பு கிடைத்தால் இந்த ஒரு வேலையை அதில் முடித்துவிடுவது நல்லது.

சோதித்துப் பார்ப்பது

குரோமைத் திறந்து பார்த்துவிட்டு "வரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். குரோம், ஆஃபீஸ், புதிய நோட்பேட் எல்லாம் தங்கள் தலைப்புப் பட்டையைத் தாங்களே வரைந்துகொள்ளும் ரகம். விண்டோஸ் வரையும் பட்டைதான் கண்ணாடி ஆகும். விண்டோஸ் + ஆர் அழுத்தி சார்மேப் (charmap) என்று ஆங்கிலத்தில் அடித்து, கேரக்டர் மேப்பைத் திறந்து பாருங்கள். அதன் பட்டைக்குப் பின்னால் இருப்பது மங்கித் தெரிந்தால் வேலை முடிந்தது.

டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பேஜ்மேக்கர் 7 பழைய பாணி புரோகிராம், அதன் வெளிப்பட்டை அழகாகக் கண்ணாடி ஆகும். உள்ளே திறக்கும் டாக்குமெண்ட் விண்டோக்கள் ஆகாது, அந்தச் சட்டத்தை டிடபிள்யூஎம் வரைவதில்லை. அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு அதே ஆசிரியரின் எக்ஸ்ப்ளோரர் ப்ளர் மைகா என்ற தனிக் கருவி உண்டு. அதிலுள்ள ரெஜிஸ்டர் ஃபைலை அட்மினாக ஓட்ட வேண்டும். எக்ஸ்ப்ளோரர் திறந்து திறந்து மூடிக்கொண்டால், எஸ்கேப் கீயை அழுத்திப் பிடித்தபடி திறங்கள். அந்த நேரத்துக்கு அது உள்ளே ஏறாது, அன்ரெஜிஸ்டர் செய்துவிடலாம்.

மங்கலும் எழுத்தும்

எஃபெக்டில் அக்ரிலிக், மைகா எல்லாம் இருந்தாலும் ஏரோவைத் தேர்ந்தெடுங்கள். ப்ளர் ரேடியஸை 20-ஐ ஒட்டி வைக்கலாம்.

குறைத்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும் என்று பலர் இறக்கிவிடுவார்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அது ஒத்துவரும், தமிழுக்கு ஒத்துவராது. "மின் கட்டணம்" என்ற ஃபைல் பெயரில் ன் மேலும் ம் மேலும் உள்ள புள்ளிகள், பின்னால் ஒரு எக்ஸெல் தாள் இருந்தால் அதன் எழுத்துகளோடு கலந்து காணாமல் போகும். மலையாளத்தில் சந்திரக்கலைக்கும் இதே கதிதான். பட்டியல்களில் இரண்டு மொழியும் ஓடும் பாலக்காட்டுப் பக்கத்துக் கணினிகளில் இது சின்ன விஷயமில்லை. விஸ்டாவிலும் 7-இலும் தலைப்பு எழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு ஒளிப்புகை இருக்கும், அது படிப்பதற்காகவே போட்டது. இங்கே படிக்கச் சிரமமாக இருந்தால், கலப்பு நிறத்தை (கண்ணாடியில் கலக்கும் நிறம்) கொஞ்சம் கூட்டி ஈடுகட்டலாம். வெளிர் நிறக் கலப்புக்குக் கறுப்பு எழுத்து, கருநிறக் கலப்புக்கு வெள்ளை எழுத்து.

டாஸ்க்பாருக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் டிரான்ஸ்லூசன்ட் டிபி போதும். விண்டோஸின் தோற்றத்தை மாற்றும் விண்ட்ஹாக் என்ற கருவியும் சக்தி வாய்ந்ததுதான், ஆனால் அதன் கண்ணாடி மாட் (மாற்றம் செய்யும் துணைநிரல்) ஒன்றையும் டிடபிள்யூஎம் ப்ளர் கிளாஸையும் சேர்த்து ஓட்டினால், கோளாறு வரும்போது யார் காரணம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரு இடத்துக்கு ஒரு கருவி.

திரை கறுத்தால், மின்னினால்

உள்நுழையும் திரை வந்தால், ஷிஃப்டை அழுத்திப் பிடித்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. அந்தத் திரையே வரவில்லையென்றால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படித் தொடர்ந்து செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். எழுதி வைத்த பிட்லாக்கர் எண் தேவைப்படுவது இங்கேதான்.

சேஃப் மோடில் நுழைந்ததும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்ற ஃபைல் இல்லாததால் டிடபிள்யூஎம் பழையபடி ஓடும். பிறகு பெயரைத் திரும்ப வைத்து, முறையாக அன்இன்ஸ்டால் செய்யலாம்.

அப்டேட் வந்த மறுநாள்

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று அப்டேட் விடும். நம் நேரத்துக்கு அது இரவு, அதனால் புதன்கிழமைக்குப் பிறகு ஏதோ ஒரு காலையில் கடை திறக்கும்போது கண்ணாடி காணாமல் போயிருக்கலாம். டிடபிள்யூஎம்மின் ஃபைல்கள் மாறியிருக்கும், பழைய சிம்பல்ஸ் பொருந்தாது. சிம்பல்ஸை மறுபடி டவுன்லோட் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பவில்லையென்றால் கருவியின் புதிய பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன் மட்டும், கண்டிப்பாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு அப்டேட் செய்யுங்கள். அட்சயா மையக் (கேரளத்தின் அரசு இணையச் சேவை மையம்) கவுண்டர் கணினி, கைரேகைக் கருவி மாட்டிய கணினி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போடும் கணினி ஆகியவற்றில் இதைப் போடவே வேண்டாம். வரிசையில் ஆள் நிற்கும்போது சேஃப் மோடில் உட்கார முடியாது.